கிழக்கு ஓய்வறைக்குப் போகும் வழி

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

மலைக்கு உள்ளே நிழல்ல உக்காந்திருக்கிற உனக்கு, வெளியில வெயில்ல வாடுற தங்கச்சி எழுதுறது. இங்க எல்லாரும் சௌக்கியம். "முதல்ல என் முட்டியைப் பத்தி எழுது, அவன் அதைத்தான் தேடுவான்"னு அம்மா பக்கத்துலயே நின்னு மிரட்டுறா. எழுதிட்டேன்: வலி போகல, வாயும் குறையல.

இப்போ சேதி. எனக்கு வேலை கிடைச்சிருக்கு. எங்கன்னு நினைக்கிறே? உங்க கம்பெனியோட தலைமை அலுவலகத்துலயேதான்! மூணாவது மாடி. என் ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டிடத்தோட சுவர் கை நீட்டினாத் தொடலாம்.

உங்க சுரங்க மின்நிலையத்துக்குன்னு ஒரு இணையதளம் இருக்கே, நீங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிப் போடுவீங்களே, பம்பு, வால்வு, சுரங்கப்பாதைன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கமா? எழுதினது சரி. ஆனா ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. ஒரு பக்கத்துல 'மூணாம் வால்வு'ன்னு வந்தா, அந்த வார்த்தையைத் தொட்டதும் மூணாம் வால்வோட பக்கம் திறக்கணும். அந்த லிங்க்கைப் போடுறதுதான் என் வேலை.

"எந்தப் பக்கமும் தனியா நிக்கக் கூடாதும்மா. எங்கேயிருந்தும் லிங்க் வராத பக்கத்துக்கு அனாதைப் பக்கம்னு பேரு. அனாதைகளே இல்லாமப் பண்றதுதான் உங்க வேலை"ன்னார் சூப்பர்வைசர். வீட்டுல வந்து சொன்னேன். அம்மா அரைகுறையாக் காதுல வாங்கிக்கிட்டு, "நல்ல காரியம். மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"ன்னு கேக்குறா.

உன் மாப்பிள்ளை உன்னை விசாரிச்சார். உன் மருமகள் நாலாம் வகுப்புல முன் பெஞ்சுக்கு வந்துட்டாளாம், அதை மாமாவுக்குக் கட்டாயம் எழுதணுமாம்.

உடம்பைப் பார்த்துக்கோ. உடனே பதில் போடு.

உன் தங்கை


மார்ச் 17

அடியே வாலு,

உன் கடிதம் காய்கறி வண்டியோட வந்து சேர்ந்துச்சு. நான் கல்லு மாதிரி இருக்கேன். அம்மா முட்டிக்குச் சூடு வெக்கிற பை வாங்கித் தரச் சொன்னேனே, மாப்பிள்ளை வாங்கினாரா இல்ல மறந்துட்டாரா? முன் பெஞ்சு மேடத்துக்கு என் வணக்கம்.

லிங்க் போடுறது நீதான்னு தெரிஞ்சதுலேர்ந்து இங்க எனக்கு ஒரே மரியாதை. ஆளுக்குச் சிலேட்டு மாதிரி ஒரு டேப் கொடுத்திருக்காங்க. சொந்தக் கதை எழுதக் கூடாது, வேலைக்கு மட்டும். போனும் இந்த மலையில எடுக்காது, கடிதம்தான் கதி. வார்த்தையைத் தொட்டா பக்கம் திறக்கும், பக்கத்துல 'வழி'ன்னு இருக்கிறதைத் தொட்டா அம்பு வரும். அம்பு பின்னாடியே போறோம். மலைக்குள்ள எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கும், தெரியுமா? பழைய ஆளுங்களே தொலைஞ்சு போவாங்க. நீ வந்தப்புறம் யாரும் தொலையல.

எங்க மேஸ்திரிக்குப் பேரு மீசை. மீசை கிடையாது. என் ஜோடி வெல்டருக்குப் பேரு ரேடியோ. காலையில வாயைத் திறந்தா ஷிஃப்ட் முடியுற வரைக்கும் நிலையத்தை மூட மாட்டான். பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க, வீட்டு ஓனர், எல்லாரும் எனக்கு இப்போ சொந்தக்காரங்க மாதிரி. பாவம், தூக்கம்தான் அவனுக்கு வர மாட்டேங்குது. இங்க வந்ததுலேர்ந்தே அப்படித்தான். கண்ணைச் சுத்திக் கரி பூசின மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு குறை. நாங்க வேலை செய்யுற கிழக்குப் பாதையிலேர்ந்து கேன்டீன் ரொம்பத் தூரம். போய் உக்கார்றதுக்குள்ள இடைவேளை முடிஞ்சிடும். குழாய் மேலயே உக்காந்து டீ குடிக்கிறோம்.

எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லு.

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்க சுகம், நீயும் உன் ரேடியோவும் சுகமா? பை வாங்கியாச்சு. அம்மா அதை முட்டியில வெக்கிறதே இல்ல, தலைக்கு வெச்சுத் தூங்குறா.

குழாய் மேல உக்காந்து டீ குடிக்கிறதா எழுதியிருந்தே. இனிமே வேண்டாம். உனக்கு ஒரு அறை கண்டுபிடிச்சிருக்கேன்!

அனாதைப் பட்டியல்ல கடைசியில கிடந்துச்சு. 'கிழக்கு ஓய்வறை'. நீ வேலை செய்யுற பாதையிலேர்ந்து கூப்பிடு தூரம்தான். யாரோ அக்கறையா எழுதின பக்கம். பெஞ்சு இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு, சுவர் பக்கம் மஞ்ச விளக்கு இருக்கு, படி இறங்கும்போது தலையைப் பார்த்துக்கோங்கன்னு ஒரு வரிகூட இருக்கு. ஆனா ஒரு பக்கமும் அதைக் கண்டுக்கல. அதான் உங்க 'கிழக்குப் பாதை' பக்கத்துலேர்ந்தும், 'இடைவேளை' பக்கத்துலேர்ந்தும் லிங்க் போட்டேன். உனக்காகத்தான், வேற யாருக்கு?

மறுநாள் காலையில பார்க்கிறேன், ரெண்டு லிங்க்கும் காணோம். 'காவல்'னு பேர் வெச்ச ஒரு ஆள் எடுத்திருக்கு. காரணம் எழுதுற இடத்துல ஒரே வார்த்தை: 'வேண்டாம்'. என்ன வேண்டாம், ஏன் வேண்டாம், ஒண்ணும் இல்ல. எனக்குக் கோபம் வந்திருச்சு. திருப்பிப் போட்டேன். திரும்பவும் எடுத்தாச்சு. 'வேண்டாம்'.

சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன். "யாரோ வேலையத்த ஆள். உங்க லிங்க்ல தப்பே இல்லை"ன்னு சொல்லி, வேற யாரும் கை வெக்க முடியாதபடி பூட்டுப் போட்டுக் கொடுத்தார். முதல் தடவையா ஆபீஸ்ல ஒரு சண்டையில ஜெயிச்சிருக்கேன்.

போய்ப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 16

வாலு,

அனைவரும் நலந்தானே? அம்மா முட்டி எப்படி?

நீ சொன்ன அறைக்குப் போனோம். அம்பு சரியாக் கூட்டிட்டுப் போச்சு. கதவுல பேர்ப்பலகை எதுவும் இல்ல, புதுசாப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. இத்தனை நாள் அந்தக் கதவைத் தாண்டித்தான் போயிட்டு வந்துக்கிட்டிருக்கேன், சாமான் அறைன்னு நினைச்சிருந்தேன். உள்ள சில படி இறங்கணும். நீ எழுதின மாதிரியே பெஞ்சு, குழாய், விளக்கு.

நல்ல இடம்மா. காதைப் பொத்தின மாதிரி ஒரு அமைதி. பம்புச் சத்தம்கூட எங்கேயோ பக்கத்து வீட்டுல ஓடுற மாதிரிதான் கேக்கும். ரேடியோ உக்காந்தவன் அப்படியே சாய்ஞ்சு தூங்கிட்டான்! எழுப்பினா, "விடுண்ணே, எவ்வளவு நாளாச்சு தெரியுமா"ன்னு அழாத குறையாச் சொன்னான். இப்போ தினமும் போறோம். மீசையும் சில நாள் வருவார்.

ஒரு வேடிக்கை சொல்றேன். மீசை வர்ற நாள்லகூட நாங்க மூணு பேர்தான். ஆனா டீ எப்பவும் நாலு டம்ளர் ஊத்துறோம். யாரும் சொல்லல, கை தானா ஊத்துது. மீசைதான் முதல்ல கவனிச்சார். "யாருக்குடா இது?"ன்னார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சோம். அடுத்த நாளும் நாலு ஊத்தினோம்.

லேசாத் தலைவலி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளையையும் மருமகளையும் கேட்டதாச் சொல்.

அண்ணன்


மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உன் தலைவலி விட்டுச்சா? வெல்டிங் கண்ணாடியை ஒழுங்காப் போடுறியா, இல்ல பழைய மாதிரி நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு வேலை செய்யுறியா?

அந்த நாலாவது டம்ளர் விஷயத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். உன் மாப்பிள்ளை சிரிச்சார். அம்மா சிரிக்கல. "அந்த டீயை யார் குடிச்சாங்கன்னு எழுதியிருக்கானா?"ன்னு கேட்டா. எழுதலைன்னேன்.

எனக்கும் இங்க ஒரு விஷயம் உறுத்துது. பூட்டுப் போட்ட பக்கத்துலேர்ந்து மறுபடி லிங்க் போயிருச்சு. அதே 'காவல்'. அதே 'வேண்டாம்'. எப்படி முடிஞ்சுதுன்னு சூப்பர்வைசருக்கே புரியல. "சிஸ்டத்துல ஏதோ கோளாறு"ன்னு அவரே தன் கையால திருப்பிப் போட்டார். அந்த ஓய்வறைப் பக்கத்தோட பழைய வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன்னாடியும் யார் யாரோ நல்ல மனசோட லிங்க் போட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் 'காவல்' வந்து எடுத்திருக்கு. யாரும் காரணம் கேட்டதாத் தெரியல. நானும் கேக்கல, பார்த்தியா? ஜெயிக்கிறதுலதான் குறியா இருந்தேன்.

நீ விசாரிச்சுச் சொல்லு, அந்த அறையை ஏன் யாரும் இத்தனை நாள் பயன்படுத்தலைன்னு. மீசைக்குத் தெரியாதா?

சீக்கிரம் எழுது. போன தடவை ரொம்ப நாள் காக்க வெச்சுட்டே.

உன் தங்கை


மே 30

அன்புள்ள தங்கைக்கு,

நாங்க எல்லாரும் நலம். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

வேலை நல்லாப் போகுது. இப்போல்லாம் பசி அதிகம் இல்ல. ரேடியோ பேசுறதை விட்டுட்டான். நிம்மதியா இருக்கு. இங்க யாருமே அதிகமாப் பேசுறதில்ல, தேவைப்படல.

பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டாளா?

லிங்க்கை மட்டும் எடுத்துடாதே. யாரோ எடுக்கப் பார்க்கிறாங்க. எடுத்தா எங்களுக்கு வழி தெரியாமப் போயிடும். அவரும் அதையேதான் சொன்னார். உன் மேல அவருக்கு ரொம்ப மதிப்பு. நீதானே வழி போட்டே. உன்னைக் கேட்டதா எழுதச் சொன்னார்.

நாங்க எல்லாரும் நலம்.

அண்ணன்


ஜூன் 8

அண்ணா,

நலம் விசாரிச்சு எழுத எனக்கு நிதானம் இல்ல. இந்தக் கடிதத்தை வண்டி டிரைவர் கையிலயே கொடுத்து, உன் கையிலதான் தரணும்னு சொல்லி அனுப்புறேன்.

உன் கடிதம் நேத்து சாயங்காலம் வந்துச்சு. அம்மா வாங்கி, எழுத்தைப் பார்த்தா. எல்லா வரியும் ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடந்துச்சு. "என் முட்டியைப் பத்தி இதுல எங்க கேட்டிருக்கான்?"ன்னா. கேக்கலம்மான்னேன். "அப்போ இதை என் பிள்ளை எழுதல"ன்னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்துட்டா. பாப்பா நடக்குறாளான்னு கேட்டிருக்கே. நாலாம் வகுப்பே முடிச்சிட்டா அண்ணா அவ. யார் அந்த 'அவர்'?

இன்னிக்குக் காலையில ஆபீஸ் திறந்ததும் பழைய ஆளுங்களைப் பிடிச்சு உலுக்கினேன். 'காவல்'ங்கிற பேர் சுரங்கத்துல காத்துப் பரிசோதனை பண்ணிக்கிட்டிருந்த ஒருத்தரோடது. வீடு விசாரிச்சு நேரா அங்க போனேன். அவர் மனைவி துணி தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. நான் அவர் எங்கேன்னு கேட்டதும், சுவர்ல இருந்த படத்தைப் பார்த்தாங்க. மூணு வருஷம் ஆச்சாம்.

"அவர் என்ன வேலை பார்த்தார்?"

"காத்து பார்க்கிற வேலை. கண்ணுக்கே தெரியாததைப் பார்க்க ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளமான்னு நான் கேலி பண்ணுவேன்."

"கிழக்கு ஓய்வறைன்னு ஏதாவது சொல்லியிருக்காரா?"

தேய்ச்சுக்கிட்டிருந்த பெட்டியை நிமிர்த்தி வெச்சாங்க. "அங்க யாராவது போறாங்களா?"

நான் தலையாட்டினேன். அவங்க என் கையைப் பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது.

முன்னாடி அந்த அறையில ரெண்டு பேர் உக்காந்தபடியே செத்துப் போயிட்டாங்களாம். டீ டம்ளர் கையில இருந்ததாம், ஒரு சொட்டுகூடச் சிந்தலையாம். பாறை இடுக்குலேர்ந்து கெட்ட வாயு கசியுது. கனமான காத்து, பள்ளமான இடத்துல போய்த் தேங்கி நிக்கும். வாசனை கிடையாது. எப்பவும் இருக்காது, மழை கூடுற நாள்ல அதிகமாம். கொஞ்சமா இருந்தா தலைவலி, தூக்கம், மறதி. அறையைக் கம்பெனி மூடி, எச்சரிக்கைப் பலகை மாட்டுச்சு. அதோட விஷயத்தையும் மூடிருச்சு. அந்தப் பக்கத்தை முதல்ல எழுதினதே அவர்தான், அந்த விபத்துக்கு முன்னாடி. "பக்கத்தை அழிச்சுடுங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டார்மா. அழிக்கிற அதிகாரம் இவருக்கு இல்லையாம். வழியை வெட்டுற அதிகாரமாவது இருக்கேன்னு, தினமும் உக்காந்து யாராவது லிங்க் போட்டிருக்காங்களான்னு பார்ப்பார். படுக்கையில விழுந்தப்புறமும் பார்த்தார்."

அண்ணா, பெயிண்ட் அடிக்க வந்தவங்க பலகையைக் கழட்டியிருக்காங்க. நான் வழியைப் போட்டுக் கொடுத்திருக்கேன்.

அவங்க போன்லேர்ந்தே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் நிலையத்து வாசலுக்குச் சொன்னார். நான் ஆபீசுக்கு ஓடி வந்து திறந்தா, எல்லா லிங்க்கையும் ஏற்கனவே எடுத்தாச்சு. பூட்டு அப்படியே இருக்கு. 'வேண்டாம்'. நான் பக்கத்து மேல சிவப்புல எச்சரிக்கை மட்டும் எழுதினேன். சாயங்காலம் வாசல்லேர்ந்து சேதி வந்துச்சு: நீ சிகிச்சை அறையில இருக்கே, பயம் இல்ல, அறையைப் பூட்டியாச்சு.

செத்துப் போனவர் எப்படி லிங்க்கை எடுப்பார்னு அந்த அம்மாகிட்டக் கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

நீயே உன் கையால நாலு வரி எழுது. அதுவரைக்கும் இங்க யாரும் சாப்பிட்டாலும் சாப்பிட்ட மாதிரி இருக்காது.

உன் தங்கை


ஜூன் 21

வாலு,

பிழைச்சுட்டேன். படுத்தபடியே எழுதுறேன், எழுத்துக் கோணலுக்கு அதான் காரணம். அம்மா முட்டி எப்படி இருக்கு? நான் கேட்டேன்னு சத்தமாப் படிச்சுக் காட்டு. முன் பெஞ்சு மேடம் இப்போ அஞ்சாம் வகுப்பா? பாப்பா நடக்குறாளான்னு கேட்ட அந்தக் கடிதத்தை நான் எழுதினதே ஞாபகம் இல்ல. 'அவர்' யாருன்னு கேட்டிருக்கே. தெரியலம்மா. தெரிஞ்சா எழுத மாட்டேனா?

அன்னிக்கு நடந்ததைச் சொல்லிடறேன். காலையிலேர்ந்து வெளியில மேகம் இறங்கிக்கிடந்ததாம். மீசை வரல. நானும் ரேடியோவும் முதல் இடைவேளைக்கே போயிட்டோம். நாங்க பெஞ்சுல உக்காந்தோம். நாங்க எதுவும் பேசல. விளக்கு தூரமாப் போற மாதிரி இருந்துச்சு. எழுந்திருக்கணும்னே தோணல, அவ்வளவு சுகம்.

மடியில இருந்த டேப் லேசா அதிர்ந்துச்சு. பார்த்தேன். ஓய்வறையோட பக்கம்தான் திறந்திருந்துச்சு. ஆனா அதுல இருந்த எல்லா வார்த்தையும் நீலமா லிங்க் ஆயிருந்துச்சு. பெஞ்சு, குழாய், விளக்கு, தலை, எல்லாம். விரல் தானா 'பெஞ்சு'ல பட்டுச்சு. 'வெளிவாயில்' பக்கம் திறந்துச்சு. பின்னாடி போய் 'விளக்கு'ன்னு தொட்டேன். அதுவும் வெளிவாயில். எதைத் தொட்டாலும் வெளிவாயில். எனக்கு எரிச்சல் வந்துச்சு. என்னடா இது, தூங்க விடாமன்னு. அந்த எரிச்சல்லதான் எழுந்தேன். அம்பு வந்துச்சு. படியேறி, அம்பு பின்னாடியே நடந்தேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டு, விழுந்து எழுந்து, வாசல் வரைக்கும் வந்தேன்.

எவ்வளவு வேகமா, எவ்வளவு சாமர்த்தியமாப் பண்ணியிருக்கே! டாக்டர்கிட்டகூடச் சொன்னேன், என் தங்கச்சி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு என்னை விரல் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தான்னு.

லீவு தர்றோம்னு சொல்றாங்க. பார்க்கலாம்.

அண்ணன்


ஜூன் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் உடம்பு தேறுதா? சாப்பாடு இறங்குதா? அம்மா உன் கடிதத்துல அந்த முட்டி வரியை மட்டும் மூணு தடவை படிக்கச் சொன்னா. அப்புறம் தலைக்கு மேல துணியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா.

அண்ணா, அந்த லிங்க்கெல்லாம் நான் போடல.

நீ முதல் இடைவேளைக்குப் போனதா எழுதியிருக்கே. அந்த நேரத்துல நான் அந்த அம்மா வீட்டுல அவங்க கொடுத்த தண்ணியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த அறைக்கு ஆளுங்க போறாங்கன்னே அப்போதான் பேச ஆரம்பிச்சிருந்தோம். பக்கத்தோட வரலாற்றை வரி வரியாப் பார்த்துட்டேன். எல்லா வார்த்தைக்கும் யாரோ வெளிவாயிலுக்கு லிங்க் போட்டதா எங்கேயும் பதிவு இல்ல. எடுத்ததா மட்டும்தான் இருக்கு. எனக்கு இதுக்கு மேல யோசிக்கத் தெரியல. யாராயிருந்தாலும் அவங்க நல்லா இருக்கட்டும்.

இன்னொண்ணு. உன் கடிதத்துல பாதி வரைக்கும் 'நாங்க'ன்னு எழுதியிருக்கே. 'நாங்க உக்காந்தோம்', 'நாங்க பேசல'. அப்புறம் 'எழுந்தேன்', 'நடந்தேன்', 'வந்தேன்'. ரேடியோ எப்படி இருக்கார்? அவரும் சிகிச்சை அறையிலதான் இருக்காரா? வாசல்லேர்ந்து வந்த சேதியில உன்னைப் பத்தி மட்டும்தான் சொன்னாங்க. பதில்ல மறக்காம எழுது.

உன் தங்கை


ஜூலை 20

அண்ணா,

நலமா? பதில் இல்ல. உன்னை வீட்டுக்குப் போகச் சொல்லியும் நீ போக மாட்டேன்னு சொல்லிட்டதா டிரைவர் சொல்றார். உள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கியாம், வேலை இல்லாத நேரத்துலயும். ஏன்?

நான் ரேடியோவைப் பத்தி இனிமே கேக்க மாட்டேன். நீயாச் சொன்னாச் சொல்லு. நீ எப்படி இருக்கேன்னு மட்டும் எழுது.

தங்கை


ஆகஸ்ட் 2

என் அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட அதை மட்டும் சொல்லு. மீதியை நீ தனியாப் படி.

அன்னிக்கு நான் படியேறும்போது என் பின்னாடி காலடிச் சத்தம் கேட்டுச்சு. ரேடியோதான், எழுந்து வந்துட்டான்னு நினைச்சேன். கொஞ்ச தூரம் போனதும் பேச ஆரம்பிச்சான். எவ்வளவு நாளாச்சு அவன் பேசி! எனக்குச் சந்தோஷம் தாங்கல. பழைய மாதிரியே நிறுத்தாமப் பேசிக்கிட்டு வந்தான். நான் விழுந்தப்பெல்லாம் "எழுந்திருண்ணே, நான் இருக்கேன்"னு சொன்னான். அவனோட சின்னப் பொண்ணு மூக்குக்கண்ணாடி உடைஞ்சிருச்சாம், ஒரு பக்கக் காம்பு தனியா வந்துருச்சாம், நூல் கட்டி மாட்டியிருக்காளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல, அம்பையே பார்த்துக்கிட்டு நடந்தேன்.

வாசல்ல வெளிச்சம் முகத்துல பட்டுச்சு. மீசை எதிர்ல ஓடி வந்தார். நான் திரும்பி, "பார்த்தியாடா, வந்துட்டோம்"னு சொன்னேன். மீசை, "யார்கிட்டடா பேசுறே?"ன்னார்.

பின்னாடி யாரும் இல்ல.

முகமூடி போட்டுக்கிட்டுப் போய்க் கொண்டு வந்தாங்க. பெஞ்சுல உக்காந்தபடியே இருந்திருக்கான். நான் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சுன்னு டாக்டர் சொல்றார். எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாரோ என்னவோ. நான் பக்கத்துல தொட்டுப் பார்க்கல வாலு. எழுந்ததும் நேரா நடந்தேன். இதை எழுத இத்தனை நாளாச்சு.

அவன் உடம்பை அவங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆனா அவன் இன்னும் இங்கதான் இருக்கான். கிழக்குப் பாதையில நான் நடந்தா பின்னாடி காலடி கேக்குது. வாசல் வரைக்கும் வருது, வெளிச்சம் வந்ததும் நின்னுடுது. பேச்சு இல்ல இப்போ. எனக்குப் பயமா இல்ல. நான் வந்துட்டா அவனுக்கு யார் வழி காட்டுவாங்க? அவன் என்னை நம்பித்தானே பின்னாடி வந்தான்? அதான் லீவு வாங்கல.

கோவிச்சுக்காதே.

அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்மேல கோபம் இல்ல. அம்மாகிட்டயும் மறைக்கல, முழுசாப் படிச்சுக் காட்டிட்டேன்.

விசாரணைக்கு எழுதிக் கேட்டாங்க. லிங்க் போட்டது நான், எடுத்ததைத் திரும்பத் திரும்பப் போட்டதும் நான், பூட்டுப் போட்டது சூப்பர்வைசர், மூடின அறையைப் பத்தி ஒரு வரி எழுதாம விட்டது கம்பெனின்னு எழுதிக் கொடுத்தேன். "பூட்டு விஷயம் எதுக்கும்மா"ன்னு அவர் கேட்டார். நான் மாத்தல. வேலை போயிருச்சு. ஆனா அந்தப் பக்கத்தை இப்போ அழிச்சுட்டாங்க.

அப்புறம் ரேடியோ வீட்டுக்குப் போனேன். நீ போகணும்னு நினைச்சிருப்பே, உனக்கு முன்னாடி நான்தான் போகணும். அவர் மனைவி கதவைத் திறந்தாங்க. "உங்க வீட்டுக்காரர் அந்த அறைக்குப் போக வழி போட்டவ நான்"னு வாசல்லயே சொன்னேன்.

"கடைசியா எழுதினதுல, இங்க வந்து முதல் தடவையா நிம்மதியாத் தூங்குறேன்னு எழுதியிருந்தார். நான் அதைப் படிச்சுச் சந்தோஷப்பட்டேன். இப்போ உன்னை அடிக்கிறதா, என்னை அடிச்சுக்கிறதா?"ன்னாங்க. உள்ள வரச் சொல்லல, போகவும் சொல்லல.

அங்கேயே நின்னபடி உன் கடிதத்துல இருந்ததைச் சொன்னேன். சொல்லலாமா கூடாதான்னு வழி பூரா யோசிச்சுட்டுத்தான் போனேன். பின்னாடி பேசிக்கிட்டே வந்தார்னு சொன்னதும், "என்ன பேசினார்?"னு கேட்டாங்க. மூக்குக்கண்ணாடியைச் சொன்னேன். ஒரு பக்கக் காம்பு, நூல் கட்டினது.

அவங்க முகம் வெளுத்துப் போச்சு. உள்ள பார்த்துச் சின்னவளைக் கூப்பிட்டாங்க. வந்தா. கண்ணாடியில ஒரு பக்கம் சிவப்பு நூல்.

"இது உடைஞ்சது அன்னிக்குக் காலையிலங்க. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசல்ல விழுந்துட்டா. நான்தான் நூல் கட்டி விட்டேன். அவருக்கு எழுத நேரமே இல்ல. அன்னிக்குச் சாயங்காலம்தான் ஆள் வந்து சொன்னாங்க."

அதுக்கப்புறம் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. கிளம்பும்போது என்கூடத் தெருமுனை வரைக்கும் வந்தாங்க.

அண்ணா, நீ அங்க இருந்து யாருக்கும் வழி காட்ட முடியாது. கிளம்பு. கிழக்குப் பாதை வழியாவே நட. வாசல்ல காலடி நின்னா நீயும் நில்லு, "வாடா, உங்க வீட்டுக்குப் போறோம்"னு சொல்லு. பஸ்ஸுல பக்கத்து சீட்டைக் காலியா விடு, யாராவது கேட்டா ஆள் வருதுன்னு சொல்லு. நேரா நம்ம வீட்டுக்கு வராதே. முதல்ல ரேடியோ வீட்டுக்குப் போ.

இதை அவர் மனைவிகிட்டயும் சொன்னேன், அவங்க சிரிக்கல. தெருமுனையில நின்னு, "கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நாங்க வீட்டுலதான் இருப்போம்"னாங்க.

இதுக்குப் பதில் எழுதாதே. வந்துடு.

உன் தங்கை